வலி நின்ற மத்தியானம்

பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரம் என் கணவர் பஞ்சர் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. பக்கத்து வீட்டில் என் வயதுக்காரி ஒருத்தி, பால் வாங்கப் போனவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனாள். அதிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நெஞ்சு படபடத்தால் மாரடைப்பு, தலை சுற்றினால் மூளையில் கட்டி. பெரம்பலூரிலும் திருச்சியிலும் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர், "இனிமே இதுக்கெல்லாம் வராதீங்கம்மா" என்றே சொல்லிவிட்டார்.

குரும்பலூர்ப் பக்கம் இருந்த நாட்டு வைத்தியர் அப்படி விரட்டவில்லை. கண்ணை மூடி வெகுநேரம் நாடி பார்த்தார். "வாயுதான் தாயி. உசுருக்கு ஒண்ணும் வராது. நீ எம் பொறுப்பு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே மாதாமாதம் பஸ் ஏறினேன். அவர் கொடுத்த சூரணத்தைத் தின்றேனோ இல்லையோ, கேட்டுவிட்டு வந்தால் சில நாள் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஒரு கோடையில் தொப்புளைச் சுற்றி வலி எடுத்தது. வாந்தி வேறு. மறுநாள் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை. கணவர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்.

"அங்க போனா மறுபடியும் ஒண்ணுமில்லன்னு சிரிப்பாங்க" என்று பிடிவாதமாக வைத்தியரிடம் போனேன். அவர் வாயு இறங்குகிறது என்று சொல்லி விளக்கெண்ணெய் குடிக்கவைத்து அனுப்பினார்.

அடுத்த நாள் மத்தியானம், இறுக்கிய கயிறு அறுந்ததுபோல, வலி சட்டென்று நின்றது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இல்லாத வியாதிக்கெல்லாம் நடுங்கியவள் அன்று கொஞ்சமும் பயப்படவில்லை. "பாத்தீங்களா, சொன்னாருல்ல?" என்றேன். கணவரும் நிம்மதியாகக் கடைக்குப் போனார்.

சாயங்காலம் செட்டிகுளத்திலிருந்து நாத்தனார் வந்தாள். என் வியாதிகளைக் கேலி செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "அண்ணிக்கு இன்னிக்கி என்ன நோவு?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தாள்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்."

அவள் முகம் மாறியது. நெற்றியைத் தொட்டாள், அனலாகக் கொதித்தது. வயிற்றில் கை வைத்தாள்.

"என்ன அண்ணி, பலக மாதிரி கெடக்கு?"

"வாயு... வைத்தியர் சொன்னாரு..." அதற்குமேல் பேச மூச்சு வரவில்லை.

அவள் கடைப்பக்கம் ஓடினாள். "அண்ணே, எல்லாத்தையும் போட்டுட்டு வா! அண்ணி ஒண்ணுமில்லங்குது, எனக்கு பயமா இருக்கு!"

திருச்சிக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போன வேன் ஒன்று எங்கள் கடையில் பஞ்சர் ஒட்டி, சக்கரம் மாட்டி முடித்துக் கிளம்ப நின்றது. மூட்டைகளுக்கு நடுவில் என்னைப் படுக்கவைத்தார்கள். சிறிது தூரத்திலேயே வலி திரும்பியது. இப்போது ஒரு பக்கம் என்றில்லை, வயிறு முழுக்க. வண்டி குலுங்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. கைகால் சில்லிட்டது. அப்போதும் நான், "வைத்தியர்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றேனாம். நாத்தனார் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். "கண்ண மூடாத அண்ணி. என்னயப் பாரு."

குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ். திருச்சி ஆஸ்பத்திரியில் அன்று இரவே அறுத்துக் கழுவினார்கள். வெடித்ததால்தான் நடுவில் வலி நின்றது என்றார் டாக்டர். "விடியட்டும்னு இருந்திருந்தீங்கன்னா..." என்று என் கணவரைப் பார்த்தார்.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்தபின் வைத்தியர் என்னைத் தேடி வந்தார். "எம் மருந்துதான் தாயி உன்ன ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கிப் புடிச்சுது" என்றார். அவ்வளவு பட்ட பிறகும், ஒரு கணம் நான் அதை நம்பினேன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனம் சாய்ந்தது.

எனக்குத் துணையாக வந்து தங்கியிருந்த நாத்தனார் எழுந்து கதவருகே போய் நின்றாள். "அண்ணி படுக்கணும். நீங்க கெளம்புங்க."

அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எனக்கு மறுபடியும் என்னவோ செய்தது. தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க நோவுது, சொல்லு அண்ணி."