பேட் மேகிக்கு முன்னால் பறந்தவள்

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப் போவதில்லை. ஆனால் நடந்தது உண்மை. என் வலது மணிக்கட்டில் ஸ்குரூ போட்டு எலும்பைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் வந்து தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

பேட் மேகி மூன்று வருடம் தொடர்ந்து தங்கக் கோப்பை வாங்கிய பந்தய விமானம். பழைய போர் விமானத்தின் இறக்கையைக் குறைத்து, எஞ்சினை முறுக்கேற்றி, வேகத்துக்கென்றே செய்தது. மூன்று முறையும் ஓட்டியவன் நான், வெர்ன் ஹாலிஸ். நாலாவது வருடப் பந்தயத்தோடு அதைத் திடீரென்று எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் அதன் சொந்தக்காரி லோரெய்ன், எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்பாள். பச்சைப் பொய். அந்த எஞ்சின் புத்தம் புதுசு.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். இது நெவாடா பாலைவனத்தில், மண்டையைப் பிளக்கும் செப்டம்பர் வெயிலில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் பீரும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. நொறுங்கிப்போன விமானத்தின் பெயர்த்தகடு கிடைத்தால் போதும். உள்ளங்கை அகலத் தகரம்தான். அதைப் புது உடம்பில் அறைந்துவிட்டால் பழைய விமானமே திரும்பப் பிறந்ததாகக் கணக்கு. பேருக்கும் மதிப்பு, விலைக்கும் மதிப்பு. மேகியின் தகடு ராய் ஸ்டாம்பர் ஓட்டிய விமானத்திலிருந்து வந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் ராய், தனக்கு முன்னால் போன சொந்த மச்சானையே இடித்து, இரண்டு பேரும் எரிந்து விழுந்தார்கள். எங்கள் விதிப்படி முந்துகிறவன்தான் பொறுப்பு. அதனால் செத்த பிறகும் ராய்க்குக் கொலைகாரன் என்று பெயர். அவன் தகட்டில் கரி படிந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி அறைந்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

மூன்று வருடம் ஒன்றுமே நடக்கவில்லை. அதற்கான காரணம் பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடமும் கொடி அசைந்ததிலிருந்து மேகிதான் முதலில் போனது. மேகிக்கு முன்னால் வேறு யாரும் பறந்ததே இல்லை.

நாலாவது வருடம் டார்லா வந்தாள். என் தங்கை மகள். பிள்ளை இல்லாத எனக்கு அவள்தான் பிள்ளை. பறக்கக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். தகுதிச் சுற்றில் என்னையே ஓரங்கட்டிவிட்டாள்.

"மாமா, ஞாயித்துக்கெழம பூரா என் வாலையே பாத்துக்கிட்டு வாங்க. புது பெயின்ட். நல்லாருக்கும்."

"வாய் வேகமாத்தான் ஓடுது. வண்டி ஓடுதான்னு பாப்போம்."

சனிக்கிழமை காலையில் முதல் கோளாறு. ராத்திரி ஓடுபாதையைப் பார்த்து நிறுத்தியிருந்த மேகி, மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது. அந்த மூக்கு பார்த்தது டார்லாவின் விமானத்தை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டைகள் சக்கரத்தோடு சேர்ந்தே நகர்ந்திருந்தன. சிமென்ட் தரையில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு.

"காத்து" என்றான் எங்கள் தலைமை மெக்கானிக் டூயி.

"நாலு டன்னத் திருப்புற காத்தா?"

"நெவாடா காத்துடா. உன் மாமியார் மாதிரி. எதையும் திருப்பும்."

சிரித்தோம். டூயி கட்டைகளைத் தரையோடு சேர்த்துக் கட்டினான். ஆனால் சிரித்துக்கொண்டே கட்டவில்லை.

ஞாயிறு மாலை நாலு மணி. இறுதிப் போட்டி. நான் உள்ளே உட்கார்ந்ததும் டூயி கண்ணாடி மூடியைச் சாத்தி, காற்று தடுக்காமலிருக்க விளிம்பெல்லாம் டேப் ஒட்டினான். உள்ளே ஒருவனுக்கே இடம் பற்றாது. என் தலைக்குப் பின்னால் ஒரு சாண் வெற்றிடம், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது. யாரோ மூச்சு விடுவதுபோல...

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஆவி படர்ந்தது.

அப்போதே இறங்கியிருக்க வேண்டும். நாலாவது கோப்பை கண்ணை மறைத்துவிட்டது. டூயி கட்டை விரலை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன்.

கொடி அசைந்தது. டார்லா அம்பாய்ப் போனாள். நான் இரண்டாவது. தரையிலிருந்து ஐம்பது அடி உயரம், மணிக்கு நானூற்றைம்பது மைல் வேகம். இரண்டாவது சுற்றில் காதுக்குள் டூயியின் குரல் கரகரத்தது.

"வெர்ன்... கூட யாரு?"

"என்ன உளர்ற?"

"மைக்ல ரெண்டு மூச்சு கேக்குது."

மூன்றாவது சுற்று. விமானங்கள் சுற்றித் திரும்ப நட்டிருந்த கம்பத்தை நெருங்கும்போது என் வலது மணிக்கட்டை ஏதோ பிடித்தது.

பின்னாலிருந்து. தோளுக்கு மேலாக.

விரல்கள். ஐந்து விரல்கள். பார்த்தால் ஒன்றுமில்லை. கையுறை மட்டும் நசுங்கிக் குழி விழுந்துகொண்டிருந்தது.

கட்டுப்பாட்டுக் கோல் என் கையோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்தது. மேகி டார்லாவின் வாலைக் குறி வைத்துப் பாய்ந்தது. வேகத்தைக் குறைக்க நெம்புகோலை இழுத்தேன். அது என் இடது கையை உதறிவிட்டு முன்னால் ஓடியது. விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. என் தலை கண்ணாடியில் மோதி ஹெல்மெட் விரிசல் விட்டது. நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

முந்தப் பார்க்கவில்லை அது. இடிக்கப் பார்த்தது.

"ராய்... விடுடா... அவ சின்னப் பொண்ணு..."

கத்தினேன். கெஞ்சினேன். பிடி இறுகியது.

மடக்.

என் எலும்புதான். சத்தம் எஞ்சினையும் மீறிக் கேட்டது.

இடைவெளி அறுபது அடி. முப்பது அடி. புது பெயின்டில் வெயில் மின்னியது தெரிந்தது. அவளை எச்சரிக்க வேண்டும். பேசும் பொத்தான் நெம்புகோலில் இருந்தது. நெம்புகோலோ என் கைக்குள் நிற்கவில்லை.

பத்தடி...

இடது கையை நீட்டி எஞ்சின் சுவிட்சை அணைத்தேன்.

இரைச்சல் நின்றது.

மேகியின் விசிறி டார்லாவின் வால் நுனியைச் சீவியது. தகரம் கிழிந்து என் கண்ணாடியில் அடித்தது. அவள் ஆடினாள். விழவில்லை. நேராகிப் பறந்து போனாள்.

தூரம் கூடியது. எனக்கு முன்னால் வெறும் வானம்.

பிடி விட்டது.

இருந்த வேகத்தை உயரமாக்கி, செத்த எஞ்சினோடு, ஒற்றைக் கையால் இறக்கினேன். டேப்பைக் கிழித்து டூயி என்னை வெளியே இழுத்தபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையுறை கழன்ற மணிக்கட்டைப் பார்த்தான். ஐந்து விரல் தடம், கன்றிப்போய், நீலமாக.

டார்லா ஓடி வந்தாள்.

"ஏன் மாமா?"

முந்துகிறவன்தான் பொறுப்பு. என்னைக் கொலைகாரனாகப் பார்த்தார்கள், அவளும்தான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் லோரெய்ன் எஞ்சின் கதையைச் சொல்லி மேகியைப் பிரித்துப்போட்டாள். தகட்டை யாருக்கோ விற்றும்விட்டாள். யாருக்கு என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் ராயைத் திட்டாத நாளில்லை. செத்தும் அடங்காத சனியன் என்றேன். நவம்பரில் ஒரு நாள், அறுபது வயதிருக்கும் ஒரு பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நான் இர்மா. ராயோட பொண்டாட்டி."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மாவுக்கட்டுப் போட்ட என் கையையே பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ண இடிக்கணும்னு நெனச்சீங்களா?"

"அவ எனக்கு மக மாதிரிம்மா."

"ராய்க்கும் என் தம்பி அப்படித்தான். புருஷன் என் தம்பியக் கொன்னுட்டான்னு எங்கம்மா சாகுற வரைக்கும் என் மூஞ்சில முழிக்கல." என் மாவுக்கட்டைச் சுட்டினாள். "கட்டுப் போடுறதுக்கு முன்னாடி அந்தக் கையில என்ன தடம் இருந்ததுன்னு சொல்லுங்க. நானே சொல்லட்டுமா? அஞ்சு விரலு. கட்டை விரல் உள்பக்கம்."

மாவுக்கட்டை மறு கையால் மூடிக்கொண்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பந்தயத்துக்கு மொத நாள் பயிற்சி முடிஞ்சு ராய் வந்தான். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். யாரோ பின்னாலருந்து பிடிக்கிறான் இர்மான்னான். நான் நம்பல. போய் ஓட்டுன்னு அனுப்பி வெச்சேன்."

"அப்போ... அது ராய் இல்லையா?"

"ராய்க்கும் அந்தத் தகடு நொறுங்கிப்போன வேற ஒரு விமானத்துலருந்துதான் வந்தது" என்றாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்: ராய் கொலைகாரன் இல்லை என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

டார்லாவிடமும் சொன்னேன். முழுவதும் கேட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் எனக்கு முன்னால் நடப்பதில்லை.