சன்னலோரக் கல்மரம்

வெர்லாவுக்குக் கல்யாணம் ஆனபோது வயது நாற்பத்தாறு. அதுவரை ஹோல்புரூக் என்ற பாலைவன ஊரின் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டவள். ஓய்வு பெற்ற ரயில்காரர் ஆர்வல் பெண் கேட்டபோது மறுபேச்சில்லாமல் சரி என்றாள். மனைவியை இழந்தவர் என்பது ஊருக்கே தெரியும். அந்த மனைவி வீட்டை விட்டு இன்னும் போகவில்லை என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அவள் சமையலறைச் சன்னலில் இருந்தாள். தேங்காய் அளவு கல்மரத் துண்டு. சிவப்பும் மஞ்சளும் ஓடி, மரப்பட்டையின் வரி கூட அப்படியே கல்லாகிக் கிடக்கும். தேனிலவுக்குப் போன இடத்தில், கல்மரங்கள் கிடக்கும், எதையும் எடுக்கக்கூடாத அரசாங்கப் பூங்காவிலிருந்து, அந்த முதல் மனைவி லாரூ கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தது. வெர்லா பாத்திரம் கழுவும்போதெல்லாம் அது மூக்குக்கு நேரே நிற்கும். பன்னிரண்டு வருடம். தூசி துடைத்ததும் அவள்தான், வயிற்றெரிச்சலோடு.

இவர்கள் சபையில் கோயிலில் நடக்கும் கல்யாணம் சாவோடு முடிவதில்லை. மறு உலகத்திலும் தொடரும். ஆர்வல் இரண்டு பேரையும் அப்படித்தான் கட்டியிருந்தார். ஆக, அங்கே போனாலும் லாரூ மூத்தவள், வெர்லா இளையவள். வெர்லா அதையும் பொறுத்துக்கொள்ளத் தயார். அங்கே பங்கு போட்டுக்கொள்கிறேன், இங்கேயாவது இந்த மனுஷன் முழுசாக என்னுடையவராக இருக்கட்டும் என்பதுதான் அவள் கேட்டது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

வழி தானாகவே வந்தது. பூங்காவில் கல் எடுத்தவர்களுக்குக் கெட்ட காலம் பிடிக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கல்லைத் தபாலில் திருப்பி அனுப்புவார்கள். சபைப் பெண்கள் அதைச் சொல்லிச் சிரித்த அன்று வெர்லா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"உன் முட்டி போச்சு. பியூக் வண்டி கியர் போச்சு. ஆலங்கட்டி மழையில ஆப்ரிகாட் பூவெல்லாம் போச்சு. எல்லாம் இந்தக் கல்லாலதான் ஆர்வல்."

"ஆலங்கட்டி பக்கத்து வீட்லயுந்தான் விழுந்துது. அவன் என்னத்தத் திருடினான்?"

"அவன் என்னத்தத் திருடினானோ, எனக்கென்ன தெரியும்? நீ கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. நானும் வர்றேன்."

பெரிய சண்டைக்கு முந்தானையைச் செருகிக்கொண்டு நிற்பதைப்போல மனத்தில் ஆயத்தமாக நின்றாள். அவரோ கல்லை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, போலாம்" என்றார். அவ்வளவுதான்.

இத்தனை சுலபமாக வென்றது அவளுக்கே சந்தேகமாக இருந்தது. இருந்தாலும் பழைய ரொட்டி உறையைக் கிழித்துப் பயணத் திட்டம் எழுதினாள். சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். தெற்கு வாசல் வழியாக நுழைய வேண்டும், அங்கேதான் மியூசியம். கல்லை ஒப்படைக்க வேண்டும். பத்து மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். சூரை மீன் சாண்ட்விச் வீட்டில் வந்து சாப்பிட்டால் போதும்.

"அவ்ளோ தூரம் போயிட்டு ப்ளூ மேசா பாக்காமலா வர்றது?"

"பத்து மணிக்கு மேல காத்தடிக்கும். கண்ணெல்லாம் மண்ணு."

காற்று ஒரு சாக்கு. தேனிலவில் லாரூ அந்த நீல மண்மேட்டுக்குக் கீழே வெள்ளைக் கையுறையோடு உட்கார்ந்திருக்கும் படம் ஆல்பத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் தன் புருஷன் கால் வைக்கக்கூடாது.

சனிக்கிழமை எல்லாம் திட்டப்படியே நடந்தது. மியூசியத்தில் இருந்த பூங்காக் காவலர், ரேஞ்சர் பெனாலி, நவஹோப் பழங்குடிப் பெண், முப்பது வயதிருக்கும். கல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கோபப்படவில்லை.

ஆர்வல் தொப்பியைக் கழற்றினார். "ஒரு சின்ன உதவிம்மா. இதை எடுத்த எடத்துலயே நான் வெச்சிடட்டுமா? ப்ளூ மேசாவுக்குக் கீழ. எடம் எனக்கு நல்லாத் தெரியும்."

இதற்காகத்தான் சரி என்று சொன்னாரா! வெர்லாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"முடியாது சார். வெளிய போயிட்டு வந்த கல்லைத் திரும்ப அங்க வெச்சா, ஆராய்ச்சி பண்றவங்களுக்கு எது எந்த எடத்துக் கல்லுன்னே தெரியாமப் போயிடும். ரோட்டோரத்துல ஒரு குவியல் இருக்கு. திரும்பி வர்றதெல்லாம் அங்கதான் போகும். நீங்க வேணும்னா கடுதாசி எழுதிக் குடுங்க. எல்லாத்தையும் பத்திரமா வெப்போம். சிலதைக் கண்ணாடிப் பெட்டியிலயும் வெப்போம், ஜனங்க பாக்கறதுக்கு."

ஆர்வல் நின்றபடியே எழுதினார். முடித்ததும் கடிதத்தைப் பேனாவோடு வெர்லா பக்கம் தள்ளினார்.

'இந்தக் கல்லை 1951 ஜூன் மாதம் என் மனைவி லாரூ எடுத்தாள். எடுத்துக்கொள் என்று சொன்னவன் நான். தவறு என்னுடையது. இதனால் எங்களுக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. இருபத்தெட்டு வருடம் நன்றாக வாழ்ந்தோம். ஆர்வல்.'

ஊர் உலகமெல்லாம் ஒப்பாரி வைத்து எழுதும் இடத்தில் இவர் காதல் கடிதம் எழுதியிருக்கிறார். சன்னலில் இருந்தவளைக் கண்ணாடிப் பெட்டியில் ஏற்றி வைக்க வண்டி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தது தானேதான் என்று அவளுக்கு உறைத்தது.

"இருபத்தெட்டு வருஷம்னு எழுதக் கை வந்துது. பன்னெண்டு வருஷம்னு எழுத வரலியா?" குரல் உடைந்துவிட்டது. பெனாலி நாகரிகமாகக் கல்லைப் பார்த்துக்கொண்டாள்.

ஆர்வலுக்கு உண்மையாகவே புரியவில்லை. "அது முடிஞ்சுபோச்சு வெர்லா, அதான் எத்தனை வருஷம்னு எழுதினேன். நம்மளது முடிஞ்சா போச்சு?"

வெர்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அந்தப் பதில் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் கடிதத்தில் அது இல்லையே; படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பேனாவை எடுத்து, அவர் பெயருக்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதினாள்:

'இவருடைய மனைவி வெர்லா. உயிரோடு இருக்கிறேன்.'