இந்தியத் தமிழர் என்றே இருக்கட்டும்: கோப்போடு திகன வரை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கலகெதரவிலிருந்து திகனவுக்குப் போய்வந்தேன். ஊர் சுற்ற அல்ல. என் பிள்ளைகளுக்கு இத்தாலியக் குடியுரிமை கேட்டுக் கொடுத்த கோப்பு கொழும்பு இத்தாலியத் தூதரகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. அதே வேலைக்கு அலையப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடம் நாப்போலி நகரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்து அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினேன். பிறகும் மூன்று வருடம் அங்கேயே இருந்துவிட்டுத்தான் ஊருக்கு வந்து கல்யாணம் செய்தேன். பிள்ளை பிறக்கும் முன் குடியுரிமையோடு இரண்டு வருடமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே கண்டியில் பிறந்த என் பிள்ளைகளுக்கு என் வழியில் உரிமை உண்டு. அடுத்த வருடம் நான் மறுபடி அங்கே வேலைக்குப் போக வேண்டும். இது கிடைக்காவிட்டால் ஒன்பது வயது மகளையும் ஆறு வயது மகனையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை.

கோப்பு ஏன் திரும்பியது? பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் இனம், அதாவது என் இனம், என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கிறது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் என்பதால் மலையகத்தில் எங்களில் பெரும்பாலானோருக்கு அப்படித்தான். திகனவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அதை இத்தாலிய மொழியில் 'இந்தியப் பிரஜை' என்று எழுதிவிட்டார். அந்த மொழி தெரிந்த நானும் வாசிக்காமல் கொடுத்துவிட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். இத்தாலியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எப்படி இந்தியப் பிரஜை ஆனார் என்று கவுண்டரில் கேட்டார்கள்.

காலை 7.50க்குக் குருநாகலிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கண்டி 18 கிலோமீட்டர்தான். கட்டுகஸ்தோட்டை நெரிசலில் நின்று நின்று போய்ச் சேர 9.05 ஆகிவிட்டது. அங்கிருந்து திகன 15 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். இரண்டு பஸ்ஸுக்கும் 190 ரூபாய், சந்தியிலிருந்து த்ரீவீலருக்கு 200. மொழிபெயர்ப்பாளர் வீடு என்றதும் டிரைவர் சிரித்தார்.

"கிழமைக்கு நாலு பேராவது வாராங்க மிஸ். எல்லாம் இத்தாலிதான்."

மொழிபெயர்ப்பாளர் ஐம்பது வயதுக்காரர், எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் நல்ல மனிதர். கதிரை போட்டு, பாலில்லாத பிளேன்டீ கொடுத்து, தவறு தன்னுடையதுதான் என்று உடனே ஒத்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"திருத்தித் தாரன் தங்கச்சி. ஆனா நாளைக்கு வேற எங்கயாவது இதே கேள்வி வரும். பேசாம சான்றிதழ்ல இலங்கைத் தமிழர்னு மாத்திக்கங்க. நெறய பேர் மாத்துறாங்க."

அக்கறையில் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது.

"மாத்த மாட்டேன் நானா. எங்கப்பா இந்த மண்ணுலதான் பொறந்தாரு. முப்பது வயசு வரைக்கும் அவருக்கு எந்த நாடும் இல்ல. இந்தியாவும் எங்க ஆளுன்னு சொல்லல, இலங்கையும் சொல்லல. அந்தப் பேரோடதான் அவரு தேயிலைக் கொழுந்து சுமந்தாரு. நான் ஏன் மறைக்கணும்?"

அவர் சான்றிதழைக் கையில் எடுத்தார். 'இந்தியக் குடியுரிமை இல்லை' என்று சான்றிதழில் இல்லாத சொல்லை மொழிபெயர்ப்பில் சேர்க்க முடியாது என்றார். சரி, இனம் வேறு குடியுரிமை வேறு என்று தனிக் குறிப்பு எழுதி, உங்கள் முத்திரையைக் குத்தி இணையுங்கள் என்றேன். முடியும் வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. 1.15க்கு இரண்டு பிள்ளைகளின் தாள்களும் கையில் இருந்தன. இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாசித்தேன்.

நீங்களும் வாசியுங்கள், முக்கியமாக இனம் என்ற வரியை. சட்டம் அடிக்கடி மாறுகிறது, ஆகவே போகும் முன் தூதரகத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். குடியுரிமை வாங்கிய பிறகு அங்கே வாழ்ந்த வருடங்களுக்கு அத்தாட்சி எடுத்துவையுங்கள். திகனவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

அடுத்த வாரம் கொழும்பில் கோப்பை வாங்கிக்கொண்டார்கள். பதில் இன்னும் வரவில்லை, பொறுமையாக இருங்கள் என்கிறார்கள். அப்பாவிடமும் இதைத்தான் சொன்னார்கள், அவர் பாவம், பொறுமையாக இருந்தார். நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன் எடுக்கிறேன்.