பதினோரு கோடுகள்

கொடைக்கானல் ஏரியில் ஒரு காலத்தில் பந்தயம் ஓடிய பாய்மரப் படகு அது. நத்தம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் லாரி பாடி பட்டறைக்குப் பழுது பார்க்க வந்திருந்தது. லாரிக்குப் பட்டி பூசுகிறவனுக்குக் கீறலைக் கண்டால் கை சும்மா இருக்காது. உள்பலகை ஒன்றில் வரிசையாகக் கத்திக் கீறல்கள். எந்த வேலையற்றவன் கிறுக்கினானோ என்று திட்டிக்கொண்டே காலையில் அத்தனையையும் பட்டி வைத்து மூடினேன்.

மதியம் படகுக்காரம்மாவின் போன்.

"வத்தலக்குண்டு வந்துட்டேன், ஒரு மணி நேரத்துல அங்க இருப்பேன். உள்ள இருக்குற கோடெல்லாம் பத்திரமா இருக்குல்ல?"

"எந்தக் கோடும்மா?"

"பந்தயத்துல ஜெயிச்சா, இறங்குறதுக்கு முன்னாடி கத்தியால ஒரு கோடு போடுவாங்க. மொதல்ல தாத்தா, அப்புறம் அப்பா. இந்தப் படகோட வரலாறே அம்புட்டுதான். வேற எதுவும் எழுதி வைக்கல."

"இருக்கும்மா" என்றேன். வாய் கூசாமல் பொய் வந்தது.

பட்டி கல்லாக இறுகியிருந்தது. உளி வைத்தால் மரம் போய்விடும். கோணி ஊசியை எடுத்து ஒவ்வொரு கோடாகக் கிளறினேன். ரோட்டில் கார் ஹாரன் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தேன். கடைசிக் கோட்டை முடிக்கும் நேரத்தில் வாசலிலேயே ஹாரன் அடித்தது. கை வழுக்கி, ஊசி பக்கத்தில் நல்ல மரத்தை இழுத்துவிட்டது. அதே நீளத்தில் இன்னொரு கோடு. அதை மறைக்க மரத்தூளை அள்ளித் தேய்த்தேன், மற்ற கோடுகளைப் போலவே பழசாகத் தெரிந்தது.

அந்தம்மா வந்ததும் நேராக அந்தப் பலகையைத்தான் தடவினார். விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது.

"பதினொண்ணு..." விரல் நின்றது. "பன்னெண்டு?"

ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"கடைசிப் பந்தயம் தோத்துட்டேன்னுல்ல அப்பா சொன்னாரு..." அவர் கண் கலங்கிவிட்டது. "ஜெயிச்சிருக்காரு. எங்கிட்டகூடச் சொல்லல பாருங்க."

சும்மா இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். அந்தம்மாவுக்கும் சந்தோஷம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அம்மா, அது உங்க அப்பா போட்டதில்ல. என் ஊசி பட்டது" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவர் விரலை அந்தக் கோட்டிலிருந்து எடுக்கவில்லை. பிறகு கீழே கிடந்த பட்டி பூசும் தகட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத மட்டும் மூடிருங்க" என்றார்.