நீங்களே ஓட்டலாம்

என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஃபைலைத் தன் மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு அனுப்புவதென்றால், பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் மாதிரி அவர் முகம் வாடிப்போகும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதர், பார்க்க வருகிறவர்களெல்லாம் தங்கள் கையாலேயே ஓட்டிப் பார்க்கும்படி ஒரு சின்ன ரயில் பாதை செய்யப்போவதாக ஒரு நாள் காலையில் அறிவித்தார். நான் அடுப்படிக்கு ஓடினேன். அடுப்பில் பால் பொங்குகிற நேரம்.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு மாடி அறை ரயில்வேக்கு எழுதி வைக்கப்பட்டது. கண்காட்சிக்குக் கண்காட்சி தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதால் மொத்தப் பாதையையும் நான்கு பலகைகளாகப் பிரித்திருந்தார். ஒவ்வொரு பலகைக்கும் மடக்குக் கால்கள். பலகையோடு பலகை சேருகிற இடத்தில் போல்ட், கையாலேயே திருகுகிற காது வைத்த நட். ஒவ்வொன்றையும் இரண்டு ஆள் சுலபமாகத் தூக்கிவிடலாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். அந்த இரண்டு ஆளில் ஒரு ஆள் நான் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு கோடியில் தென்காசி ஸ்டேஷன், மறுகோடியில் செங்கோட்டை. அதைத் தாண்டி மலை, வளைவு வளைவாகக் கண் வைத்த பாலம், ஒரு குகை. குகைக்குப் பக்கத்தில் குற்றாலம் மெயினருவி. “அருவி ரயிலுக்கு இத்தன பக்கத்துலயா இருக்கு?” என்று கேட்டேன். கலை என்றால் அப்படித்தான் என்றார். செய்தித்தாளை மைதாப் பசையில் ஊறவைத்து மலை கட்டியது நான். பீர்க்கங்காய் நாரைப் பச்சைச் சாயத்தில் முக்கி மரம் நட்டதும் நான். அருவிக்கு அவருடைய பழைய வேட்டி ஒன்றிலிருந்து நூல் உருவினேன். தண்ணீர் நன்றாகவே விழுந்தது. அவருக்குச் சாளேசுரம், கிட்டத்தில் கண் தெரியாது என்பதால், ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. அதில் எனக்குக் கை நன்றாக வந்தது. முதல் முறையே நான் ஒட்டிய கம்பி விடவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரயில்வே கேட். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கேட்டைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை, பாதி ஆயுளை அதன் முன்னால் நின்றுதான் கழித்திருக்கிறோம். பழைய குடையின் இரண்டு கம்பிகளை எடுத்துச் சிவப்பும் வெள்ளையும் அடித்துக் குறுக்குக் கட்டை ஆக்கினேன். பக்கத்தில் ஒரு மரப் பிடி. பிடியை இழுத்தால் கட்டை இறங்கும், விட்டால் ஏறும். கேட் பூட்டினால்தான் ரயில் வர வேண்டும், நிஜத்திலும் அதுதான் சட்டம் என்று அவர் சொன்னதால், கட்டைக்கு அடியில் டார்ச் லைட்டுத் தகடு இரண்டை வைத்துக் கம்பி ஒட்டினேன். கட்டை இறங்கினால் தகடுகள் தொட்டுக்கொள்ளும், தண்டவாளத்தில் மின்சாரம் ஓடும். கட்டை ஏறினால் எல்லாம் நின்றுவிடும். எஞ்சினைப் பிள்ளையாரே ஓட்டினாலும் என் கேட்டைத் தாண்ட முடியாது.

கன்ட்ரோலர் பெட்டியை மட்டும் அவரே செய்தார். அதில் ஒரு பெரிய கறுப்புக் குமிழ். வலப்பக்கம் திருப்பினால் வேகம், இடப்பக்கம் திருப்பினால் நிற்கும் என்றார். எனக்கும் ஆசை இருந்தது. ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். மாவு அரைக்கும் மிஷினைத் தவிர நான் வாழ்க்கையில் எதையும் ஓட்டியதில்லை. ஸ்கூட்டரில்கூடப் பின்னால்தான். “நான் ஒரு தடவ ஓட்டட்டுமா?” என்று கேட்டால், மோட்டார் சூடாக இருக்கும். இன்னொரு நாள் கேட்டால் மின்சாரம் ஏறி இறங்கும். மற்றொரு நாள், “டெஸ்டிங் முடியலளா” என்பார். மூன்று தடவைக்குமேல் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. மனசுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி நடத்துகிறவர்கள் இடம் கொடுத்தார்கள். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வருகிறவர்கள் தொட்டு ஓட்ட வேண்டும், சும்மா பார்த்துவிட்டுப் போகிற சாமான் வேண்டாம். இவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். மேஜைக் கால்களை மறைக்க நீலச் சாட்டின் துணியில் சுற்றுத்திரை தைத்துக் கொடுத்தேன். அவர் உட்காருகிற பக்கத்தில் மட்டும் ஒரு கை நுழைகிற அளவு திறப்பு விடச் சொன்னார். எதற்கு என்றேன். “உள்ள வயர் சூடாகும், காத்து போகணும்லா” என்றார். நூல் பிரியாமல் ஓரம் மடித்து அழகாகவே தைத்தேன்.

லோடு ஆட்டோவில் பலகைகளை ஏற்றிக்கொண்டு போய், பூட்டி, மேஜைக்கு மேலே ஒரு அறிவிப்புப் பலகை மாட்டினார். அவர் கையெழுத்திலேயே எழுதியது: “நீங்களே ஓட்டலாம். தொடத் தயங்காதீர்கள்.” அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

எங்கள் அதிர்ஷ்டம், அன்று காலையில் அருவியில் தண்ணீர் கூடிப்போய்க் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனவர்கள் அப்படியே திரும்பினார்கள். எண்ணெயோடு லாட்ஜுக்குள் விடமாட்டார்கள், கண்காட்சிக்குள் விடுவார்கள். தோளில் துண்டும் நெற்றியில் வழிகிற எண்ணெயுமாக வரிசை மண்டப வாசல்வரை நின்றது. மண்டபமே செக்கு மாதிரி மணத்தது. தண்டவாளத்தில் எண்ணெய் பட்டால் எஞ்சின் வழுக்கும், கன்ட்ரோலரையும் கேட்டையும் மட்டும் தொடுங்கள் என்று இவர் ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பின்னால் ஸ்டூலில், டிபன் கேரியருக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். ஜோடியாக வந்தவர்களில் ஒரு ஜோடிகூடத் தவறாமல் புருஷன் குமிழுக்குப் போனார், பெண்டாட்டி கேட்டுக்குப் போனாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் வேறொன்றும் கண்ணில் பட்டது. எல்லோருமே பிரமாதமாக ஓட்டினார்கள். ஒருவர் கைக்கும் எஞ்சின் குலுங்கவில்லை. வளைவில் தானாக மெதுவாகி, ஸ்டேஷனில் கோடு போட்ட மாதிரி நின்றது. கடையநல்லூரிலிருந்து வந்த எண்ணெய்த் தலைக்காரர் ஒருவர் ஓட்டி முடித்துவிட்டு, “அண்ணாச்சி, எனக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராது. இது எப்படி?” என்று ஆச்சரியப்பட்டார்.

“ஒங்க கைல வித்தை இருக்கு” என்றார் இவர்.

இவ்வளவு பேருக்கு வருகிற வித்தை எனக்கு வராதா? எழுந்து வாசலுக்குப் போய் டிக்கெட் கேட்டேன். “ஆச்சி, நீங்க ஸ்டால்காரகல்லா?” என்றார் டிக்கெட் கிழிக்கிறவர். “இப்பம் பாக்க வந்த ஆளு” என்று வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். கால் வலித்தது. அத்தனை பேருக்கு நடுவில் சொந்த வீட்டு ரயிலுக்காக நிற்பது வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

என் முறை வந்தது. இவர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ எதுக்குளா இங்கன நிக்க?”

“டிக்கெட் எடுத்துருக்கேன்” என்று காட்டினேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல், “சரி, கேட்டப் பூட்டு. மெதுவா திருப்பு” என்றார்.

ஒரு கையால் கேட்டைப் பூட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் குமிழுக்கு நீட்டினேன். என் விரல் படுவதற்கு முன்னாலேயே ரயில் கிளம்பிவிட்டது.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ரயில் போனது. குமிழை இடப்பக்கம் முழுசாகத் திருப்பினேன். அப்போதும் போனது, அழகாக, வளைவில் மெதுவாகி. திரும்பிப் பார்த்தேன். நான் ஓரம் மடித்துத் தைத்த திறப்புக்குள் இவருடைய வலது கை முழங்கைவரை நுழைந்திருந்தது. தோள்பட்டை மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

காலையிலிருந்து யாருமே ஓட்டவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டுப் பூசாரி மேஜைக்கடியில் கையை விட்டுக்கொண்டு, கொடுக்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தார். கோபத்தில் எனக்கு அழுகை முட்டியது. வீட்டில்தான் ஓட்ட முடியவில்லை என்றால், டிக்கெட் எடுத்தும் ஓட்ட முடியவில்லை. கத்தியிருக்கலாம். ஆனால் கடையநல்லூர்க்காரர் இன்னும் அங்கேயே நின்று, தான் ஓட்டியதைப் பற்றித் தன் பெண்டாட்டியிடம் அளந்துகொண்டிருந்தார். அவர் சந்தோஷத்தில் மண் போட எனக்கு மனம் வரவில்லை.

கேட்டைத் திறந்தேன்.

ரயில் பாலத்துக்கு நடுவில் நின்றது. இவர் தோள்பட்டை வேகமாக அசைந்தது. ரயில் அசையவில்லை.

“ஏளா, கேட்டப் பூட்டு.”

“ரோட்டுல ஆளு போகுது. கொஞ்சம் நேரமாவும்” என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “நம்மள நிக்க வச்ச ரயில ஆச்சி நிக்க வச்சுட்டாவ” என்றது ஒரு குரல். இவருக்கு நெற்றியில் வேர்த்தது. “எல்லாரும் பாக்காவ” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அந்தக் கைல வச்சிருக்கியல்லா, அத மேல வையுங்க. கேட்டு தானா பூட்டும்” என்றேன்.

தோள்பட்டை இன்னும் இரண்டு தடவை அசைந்து பார்த்தது. அப்புறம் கை வெளியே வந்தது. கூடவே வயரோடு, குமிழ் வைத்த ஒரு சின்னப் பெட்டி. கூட்டத்தைப் பார்த்து, தாலுகா ஆபீஸ் குரலில், “இது ஸ்பெஷல் கன்ட்ரோலர். நல்லா அனுபவம் உள்ளவங்களுக்கு மட்டும்தான் கொடுக்கது” என்று அறிவித்து என்னிடம் நீட்டினார். மனிதர் அந்த நேரத்திலும் ஃபைலை ஒழுங்காகத்தான் மூடினார்.

பெட்டி அவர் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு கையால் கேட்டைப் பூட்டிப் பிடித்தேன். குமிழைத் திருப்பினேன். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிப் பாய்ந்தது. பயந்துபோய் இடப்பக்கம் திருப்பினேன், முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி திருப்பினேன். குகைக்குள் போனது, வெளியே வந்தது, வளைவில் கடைசிப் பெட்டி சரிந்து நேராக மெயினருவிக்குள் விழுந்து, வேட்டி நூலில் சிக்கித் தொங்கியது.

“ஆச்சிக்கு ஓட்ட வரல” என்றார் கடையநல்லூர்க்காரர் அனுதாபத்தோடு.

உண்மைதான். அன்றைக்கு அந்த மேஜையில் மோசமாக ஓட்டிய ஒரே ஆள் நான். டிக்கெட் எடுத்தவர்களில் அதுவரைக்கும் நிஜமாக ஓட்டிய ஒரே ஆளும் நான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெட்டியை அருவியிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தேன். இவர் கன்ட்ரோலருக்காகக் கை நீட்டினார். நான் அதை வரிசையில் எனக்குப் பின்னால் தனியாக நின்ற பெண்ணிடம் கொடுத்தேன். அவள் தலையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

“கேட்டுக்கு ஆள் வேணுமே” என்றாள் அவள்.

நான் இவரைப் பார்த்தேன். எழுந்து போய்க் கேட்டுப் பக்கத்தில் நின்றார்.