விரதத்தில் மீன் நறுக்கியவள்

போர்ட் கிள்ளானில் பதினாறு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள் லோகேஸ்வரி. அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு மீண்ட ஆம்பிளை அந்தக் கிடங்கில் இதுவரை கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரு குஞ்சுக்காக மூஞ்சியை மூடிக்கொண்டு, வாயையும் பொத்திக்கொண்டு ஒன்றரை மாசம் கிடந்தாள் என்றால் நம்புவீர்களா? கிடந்தாள். இன்றைக்கும் அதை மார்தட்டித்தான் சொல்கிறாள்.

போன தைப்பூசத்துக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருந்தது. அன்றைக்கு அடித்த பேய்மழையில் கிடங்கு வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. கிளைக்கு அடியில் ஒரு செம்பருந்து செத்துக் கிடந்தது. நம்மவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அதுதான். பக்கத்தில் நனைந்த குஞ்சு ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அதன் இடது காலில் ஒரு விரல் நசுங்கித் துண்டாகியிருந்தது. ஜோடிப் பருந்து வருமா என்று ஷிஃப்ட் முடியும்வரை பார்த்தாள். வரவில்லை. அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து, குஞ்சைத் தூக்கிக்கொண்டு பண்டமாரான் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்த இடத்தில்தான் புத்தி மழுங்கிப் போனது. பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக அவள் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாள். மகள் அமுதவள்ளிக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று நேர்ந்துகொண்டது அது. வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. வந்திருப்பதோ பெருமாள் ஏறும் வாகனம்! அப்புறம் என்ன, கிண்ணத்தில் பாலும் மசித்த வாழைப்பழமும்தான். மாடிக்காரர்கள் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். ஒருத்தி அதன் தலையில் குங்குமமே வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் குஞ்சுக்குக் கழுத்து நிற்கவில்லை.

காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனவள், அங்கே மீன் வெட்டுகிற முகமது ரஃபீக்கிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினாள். ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த பையன் அவன். படத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பருந்து பால் குடிச்சு எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? எங்க ஊர்க் கடக்கரையில மீனை அடிச்சுத் தூக்கிட்டுப் போவும் அது. உங்க வீட்டுல பட்டினி கெடக்குது."

அவன் ஊரில் கானாங்கெளுத்தி என்கிற கெம்போங் மீன் நாலைக் கட்டிக் கையில் கொடுத்தான். வீட்டு வாசலில் கணவர் பாலன் மறித்துக்கொண்டார். லோரி ஓட்டுகிற மனுஷன், எதற்கும் அசராதவர், அன்றைக்குப் பயந்துவிட்டார்.

"லோகா, மகளுக்கு எட்டு முடிஞ்சு ஒம்பது நடக்குது. விரதத்துல மீனைத் தொட்டு ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா?"

அவளுக்கும் பயம்தான். கையில் மீன், பெட்டிக்குள் தலை தொங்கின குஞ்சு.

"என் புள்ளைக்கு நேர்ந்துக்கிட்டு இன்னொரு புள்ளையச் சாகடிக்கவா? முருகன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க தள்ளுங்க லா!"

வெளி நடையில் உட்கார்ந்து நறுக்கினாள். ஊட்டி முடித்ததும் தலைக்குக் குளித்தாள். மறுபடி நறுக்கினாள், மறுபடி குளித்தாள். ஒரு வாரம் லீவு போட்டு, நாளைக்கு நாலு குளியல். ஐந்தாம் நாள் குஞ்சு அவள் கையிலிருந்த இடுக்கியையே பிடுங்கப் பார்த்தது. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

கிள்ளான் மிருக டாக்டர் தாமரை, வனவிலங்கு இலாகாவுக்கு முறைப்படி தெரிவித்து அனுமதி வாங்கித் தந்தார். கூடவே கறாராக ஒன்றும் சொன்னார். "ஆன்டி, உங்களை அம்மான்னு நெனச்சுட்டா நாளைக்கு எந்த மனுஷனைக் கண்டாலும் பக்கத்துல போய் நிக்கும். யாராச்சும் கல்லால அடிப்பாங்க, இல்ல கூண்டுல போடுவாங்க. முகத்தைக் காட்டாதீங்க. பேசாதீங்க."

லோகேஸ்வரியைப் பார்த்துப் பேசாதே என்றால்! பாலன் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அவள் செய்தாள். தலையோடு துணியைப் போர்த்தி, கண்ணுக்கு மட்டும் இடம்விட்டு, இடுக்கியை நீட்டுவாள். குஞ்சு பசியில் கத்தும்போது 'என் தங்கமே' என்று நாக்கு நுனிவரை வரும். பல்லைக் கடித்துக்கொள்வாள். மாடிக்காரர்களின் தரிசனத்துக்கும் கதவைச் சாத்திவிட்டாள்.

இறகு முளைத்ததும் சூப்பர்வைசரிடம் பேசி, கிடங்கின் பின்சுவரில் உயரத்தில் இருந்த சிமெண்டுத் திட்டில் பெட்டியை வைத்தாள். அப்புறம்தான் அவள் கைவரிசை. பலகையில் மீனை வைத்து, ஃபோர்க்லிஃப்டில் அங்குலம் அங்குலமாக உயர்த்துவாள். சத்தம் எழாது, பலகை ஆடாது. மீன் மேலே வந்து நிற்கும், கீழே இருக்கிற ஆளைக் குஞ்சு பார்க்காது. அப்படித் தூக்க அந்த யார்டில் இன்னொருத்தர் பிறந்துதான் வரவேண்டும்.

தைப்பூசத்தன்று பால்குடத்தோடு பத்துமலை ஏறினாள். விரலில் மீன் வாடை இருக்கிறதோ என்று பாதிப் படியில் முகர்ந்து பார்த்துக்கொண்டாள். பால் ஒரு சொட்டு சிந்தவில்லை. பத்தாம் நாள் அமுதவள்ளிக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. பாலன் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் பருந்து திட்டிலிருந்து கூரைக்கும், கூரையிலிருந்து விளக்குக் கம்பத்துக்கும் பறந்தது. பிறகு ஒருநாள் வைத்த மீன் வைத்தபடி இருந்தது. மறுநாளும் அப்படியே. செத்துத்தான் போச்சோ என்று லோகேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலன் அவளைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனார். தண்ணீருக்கு மேல் பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் பழுப்பாக, இன்னும் செந்நிறம் வராத இளசு ஒன்று சடாரென்று இறங்கி, மீனைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அவர்கள் தலைக்கு மேலேயே தாழப் பறந்து போனது. இடது காலில் ஒரு விரல் இல்லை.

"லோகா, நம்ம புள்ளதான்! ஆனா உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கலையே," என்றார் பாலன் பாவமாக.

லோகேஸ்வரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இப்போதும் பாசாரில் யாராவது பிள்ளைகளின் பட்டத்தையும் வேலையையும் அளக்க ஆரம்பித்தால், ரஃபீக் கடை முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று சொல்வாள்: "நானும் ஒன்னு வளர்த்தேன். எதிர்ல போய் நின்னாலும் என்னை யாருன்னே அதுக்குத் தெரியாது. அப்படி வளர்த்திருக்கேன்!"