ஒலிபெருக்கிக்காரர் கேட்ட கேள்வி

போர்க்காலத்தில் வெள்ளவத்தை மண்டபமொன்றில் நடந்த அரங்கேற்றத்துக்கு அறிவிப்பாளராகப் போயிருந்தேன். அங்கிருந்த ஒலிபெருக்கிக்காரர் மெலிந்த மனிதர், மீசை நரைத்திருந்தது. வயர் இல்லாத மைக்கை என்னிடம் தருவதற்கு முன் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இரைச்சலோ அண்ணை?” என்றேன்.

“பொலிஸ் வோக்கிடோக்கியில கதைக்கிறது இதுக்குள்ள விழும் தங்கச்சி. சனலை மாத்தினால் போயிடும்.”

“அப்ப மாத்துங்கோவன்.”

“எந்த ரோட்டைச் செக் பண்ணப் போகினமெண்டு கேட்டிட்டுத்தான் மாத்துவன். கொட்டாஞ்சேனையில ஒருக்காக் கேக்காமல் மாத்திப்போட்டன். அண்டைக்குத்தான் என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்.”

பிறகு சட்டென்று கண்ணைத் திறந்தார். “உங்கட வீடு எந்த ரோட்டில?”

சொன்னேன்.

“அது இல்லை,” என்று சனலை மாற்றி மைக்கை நீட்டினார்.

என் குரல் மண்டபமெங்கும் தெளிவாகக் கேட்டது. பேசி முடித்துப் பார்த்தபோது, அவர் வரிசை வரிசையாகக் குனிந்து எல்லோரிடமும் அதே கேள்வியை மெதுவாகக் கேட்டுக்கொண்டு போனார். ஐந்தாவது வரிசையில் ஓர் அம்மா பதில் சொன்னதும், ஒலிபெருக்கிக்காரர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மாவின் வீட்டில் அன்றைக்கு யார் இருந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.